அது பச்சை இல்லை, நீலம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இரண்டு வருடங்களாக என் வாழ்க்கையில் நடந்தவற்றைச் சின்னச் சின்னக் கட்டுரைகளாக எழுதி வருகிறேன். இதுவரை முப்பது தேறும். முன்பின் தெரியாதவர்கள் படித்துவிட்டு நீளமாகக் கடிதம் போடுகிறார்கள். அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. வேண்டியவர்களிடம்தான் சிக்கல்.

இருபது வருடத் தோழி இதுவரை ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. கேட்டால் "இந்த வாரம் கண்டிப்பா படிச்சிடறேன்" என்கிறாள். கணவர் எல்லாவற்றையும் படிக்கிறார், எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு" என்கிறார். வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்ததைப் பற்றி ஒன்று எழுதினேன். அது நடந்து எட்டு வருடம் ஆகிறது. அன்று இரவே அம்மா போன் செய்து, "இப்போ என்ன பிரச்சனை, மறைக்காம சொல்லு" என்று அழுதார். அதிலிருந்து எதை எழுதினாலும் போன் வருகிறது. சித்தி மகன் எல்லோரும் கூடியிருந்த இடத்தில், "இவகிட்ட பார்த்துப் பேசுங்க, எழுதிடுவா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பெரிய அடி அக்காவிடமிருந்து. சின்ன வயதில் என்னை மொட்டை மாடியில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் மறந்துபோன ஒரு மதியத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அக்கா ஒரு நீண்ட செய்தி அனுப்பினாள். "அது நீ இல்லை, நான். நீ அப்போ கைக்குழந்தை. நான் சொல்லித்தான் உனக்கே தெரியும். என் பயத்தை எடுத்து உன் பேர்ல எழுதிட்ட." உண்மையைச் சொன்னால் அந்தச் செய்தி என் கட்டுரையைவிட நன்றாக இருந்தது. அதை அப்படியே அடுத்த கட்டுரையில் போடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

இவர்களுக்கெல்லாம் அனுப்புவதை நிறுத்திவிடலாமா? இல்லை, இந்த மாதிரி எழுதுவதையே விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

பல வருடங்களுக்கு முன்னால் என் அப்பாவின் சைக்கிளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அவர் அதிகம் பேசாதவர். அந்தச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவருடைய முதுகைப் பார்த்தே வளர்ந்தேன் என்பதாக ஒரு வரி வரும். எழுதி முடித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. அச்சில் வந்ததும் அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சைக்கிள் பச்சை இல்லை, நீலம்" என்றார்.

அவ்வளவுதான். பிறகு தனியாகக் கண் கலங்கியிருப்பார் என்றெல்லாம் நான் கற்பனை செய்துகொள்ளவில்லை. அவருக்கு அதில் சொல்வதற்கு இருந்த விஷயம் நிறம்தான். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு பழைய படத்தைத் தேடி எடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படம். அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டில் உள்ளவர்களை நாம் வாசகர்கள் என்று நினைத்துவிடுகிறோம். அவர்களால் அப்படி இருக்க முடியாது. உங்களுக்குக் கடிதம் போடும் அந்த முகம் தெரியாதவருக்கு உங்கள் சொற்கள் மட்டும்தான் கிடைக்கின்றன. மொட்டை மாடி என்று நீங்கள் எழுதினால் அவர் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு மாடியை எடுத்துப் போட்டுக்கொள்வார். அக்காவுக்கு அந்த வசதி இல்லை. அவள் அந்த மாடியிலேயே இருந்தவள். அவள் சாட்சி. சாட்சியிடம் போய் நடை எப்படி இருக்கிறது, முடிவு எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வாள்? கதவு எந்தப் பக்கம் இருந்தது என்றுதான் சொல்வாள்.

அந்தச் சாட்சியத்தை அலட்சியம் செய்யாதீர்கள். நான் உங்கள் கடிதத்தில் மிகவும் மதிப்பது அக்காவின் வரியைத்தான். 2001-ல் நியூசிலாந்தில் சில உளவியலாளர்கள் இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேரும் "அது எனக்கு நடந்தது" என்று சாதிப்பதைக் கண்டார்கள். விழுந்தது நான்தான், பரிசு வாங்கியது நான்தான் என்று ஆளாளுக்கு உறுதியாகச் சொல்கிறார்கள். இருவர் மனதிலும் காட்சி தெளிவாக இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. இரட்டையர் அல்லாத உடன்பிறப்புகளிடமும் நண்பர்களிடமும்கூட இது உண்டு. ஒரு வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை, கேட்ட குழந்தையின் மனதில் படமாகிவிடுகிறது. பிறகு அந்தப் படத்துக்குள் நாமே போய் நின்றுகொள்கிறோம். கேட்டது எது, பார்த்தது எது என்று பிரிக்க ஒரு தடயமும் மிஞ்சுவதில்லை.

ஆகவே நீங்கள் திருடவில்லை. அக்கா சொல்வதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் மூத்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததை அவ்வளவு துல்லியமாக நாம் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. இனி நீங்கள் செய்ய வேண்டியது அந்தக் கட்டுரையைத் திருத்துவது. பெயரை மாற்றுவதோடு முடியாது. அக்காவின் பயம் உங்களுக்குள் எப்படி வந்து குடியேறியது என்று எழுதுங்கள். அது பூட்டப்பட்ட குழந்தையின் கதையைவிடப் பெரிய விஷயம். அக்கா இல்லாவிட்டால் உங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

ஆனால் அவளுடைய செய்தியை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவெல், பிரிந்துபோன மனைவி எலிசபெத் ஹார்ட்விக் தனக்கு எழுதிய கடிதங்களின் வரிகளைக் கேட்காமலே எடுத்து, சில இடங்களில் மாற்றியும் போட்டு, 1973-ல் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். கையெழுத்துப் பிரதியைப் படித்த அவருடைய தோழி, கவிஞர் எலிசபெத் பிஷப், முன்கூட்டியே எச்சரித்திருந்தார். சொந்த வாழ்க்கையை எடுத்துக்கொள்வது சரி, எல்லோரும் செய்வதுதான், ஆனால் இந்தக் கடிதங்களைத் தொடுவது நம்பிக்கைத் துரோகம், கலைக்கு அவ்வளவு மதிப்பெல்லாம் கிடையாது என்ற பொருளில் எழுதினார். லோவெல் சில மாற்றங்கள் செய்தார், ஆனால் கடிதங்களை விடவில்லை. அந்தத் தொகுப்புக்கு அடுத்த வருடம் புலிட்சர் பரிசும் கிடைத்தது. பரிசு கிடைத்ததால் பிஷப் சொன்னது தவறாகிவிடவில்லை. நாம் ஒருவரைப் பற்றி எழுதுவது வேறு. அவர் நமக்கு மட்டும் என்று எழுதியதை எடுத்துப் பலர் முன் விரிப்பது வேறு. உங்கள் அக்கா அந்த வரிகளை உங்களுக்குத்தான் அனுப்பினாள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்கள் பக்கம் ஒரு தவறு இருப்பதாக நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேலை போனது எட்டு வருடத்துக்கு முன்னால். நீங்கள் அதை அனுபவித்து, ஆறி, அசைபோட்டு, பிறகு எழுதினீர்கள். உங்களுக்கு அது பழைய கதை. அம்மாவுக்கு அது அன்று இரவு நடந்த செய்தி. மகளுக்கு ஏழு மாதம் வேலை இல்லை என்பது அவருக்கு அப்போதே தெரியுமா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. ஆனால் தெரிந்திருந்தால் அப்படி அழுதிருக்க மாட்டார் என்று ஊகிக்கிறேன். அவர் "இப்போ என்ன பிரச்சனை" என்று கேட்டதன் அடியில் "அப்போ ஏன் என்கிட்ட சொல்லலை" என்ற கேள்வி இருக்கிறது. மகளின் துயரத்தை, யாரோ முகம் தெரியாத ஆட்கள் படிக்கும் அதே நேரத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இந்த மாதிரி விஷயங்களை எழுதுவதற்கு முன்னால் வாயால் சொல்லிவிட வேண்டும். அனுமதி கேட்கச் சொல்லவில்லை. தகவல், அவ்வளவுதான். "அம்மா, இப்படி ஒன்று நடந்தது, அப்போது சொல்லவில்லை, அதைப் பற்றி எழுதப் போகிறேன்." பத்து நிமிட போன் பேச்சு. நானே இதைப் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. அம்மாவைச் சுற்றியும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரையைப் படித்தவர்கள் உங்களிடம் கேட்க மாட்டார்கள், அவரிடம்தான் கேட்பார்கள். டார்வின் 1876-ல் தன் பிள்ளைகள் படிப்பதற்காகத் தன் வாழ்க்கையை எழுதி வைத்தார். அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து, 1887-ல், மகன் பிரான்சிஸ் அதை வெளியிட்டபோது மத நம்பிக்கை பற்றிய பகுதிகள் பலவும் நீக்கப்பட்டிருந்தன. எதை விடுவது, எதை வைப்பது என்று குடும்பத்துக்குள்ளேயே தகராறு. ஒரு குறிப்பிட்ட வரியை எடுத்துவிடச் சொல்லி மனைவி எம்மா மகனுக்குக் கடிதமே எழுதினார். குழந்தையின் கடவுள் நம்பிக்கையைப் பாம்பிடம் குரங்குக்கு இருக்கும் பயத்தோடு ஒப்பிட்ட வரி அது. அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, கணவரை நேசித்த மதப்பற்றுள்ள நண்பர்கள் மனம் புண்படக் கூடாது என்பது. எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த நண்பர்களின் முகத்தில் விழிக்க வேண்டியவர் எம்மாதான். விடுபட்ட சுமார் 6,000 சொற்களையும் சேர்த்துப் பேத்தி நோரா பார்லோ முழுப் பதிப்பைக் கொண்டுவந்தது 1958-ல். எம்மா செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. எழுதியவர் போன பிறகும் அந்த எழுத்தோடு வாழ வேண்டியிருந்தது வீட்டில் இருந்தவர்கள்தான் என்பதைச் சொல்கிறேன்.

கணவர் "நல்லா இருக்கு" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். முப்பதையும் படித்திருக்கிறார், அது பெரிய விஷயம். கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றால் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான். "எந்த இடத்தில் அலுத்தது?" என்று கேளுங்கள். முதல் தடவை இல்லவே இல்லை என்பார், மூன்றாவது தடவை சொல்லிவிடுவார். என் மனைவி என் கட்டுரைகளில் ஒற்றுப்பிழை மட்டும்தான் பார்க்கிறார். "இங்கே ஒரு க் வரணும்" என்பதோடு விமர்சனம் முடிந்தது. பெரும்பாலும் வரத்தான் வேண்டும்.

சித்தி மகனும் ஒரு விஷயமில்லை. அவனைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்பதுதான் அவன் குறை என்று எனக்கு ஒரு சந்தேகம். எதற்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். கஞ்சத்தனமான ஒரு நண்பரைப் பற்றி முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தேன். யாரை மனதில் வைத்து எழுதினேனோ அவர் படித்துவிட்டு, "இப்படியும் ஒரு ஆள் இருப்பானா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சம்பந்தமே இல்லாத இன்னொரு நண்பர் அது தான்தான் என்று முடிவு செய்து ஒரு வருடம் பேசவில்லை. அவரிடம் போய் "அது நீங்கள் இல்லை" என்றால், "அப்படியானால் யார்?" என்று கேட்பாரே. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதற்கு இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.

தோழி. இதுதான் உங்களுக்கு அதிகம் வலிக்கிறது என்று நினைக்கிறேன், முதலில் எழுதியிருக்கிறீர்களே. அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். முதல் கட்டுரையை ஏதோ வேலையில் படிக்காமல் விட்டிருப்பாள். இரண்டாவது வந்தபோது முதலாவது பாக்கி. இப்போது முப்பது பாக்கி. நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் கடன்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். தவிர, உங்களை அவளுக்குக் குரலில் தெரியும். எழுத்தில் வரும் ஆள் கொஞ்சம் அந்நியமாக இருப்பாள்.

எழுத்தாளர் காஃப்கா தன் புத்தகம் அச்சாகி வந்ததும் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டுவார். அப்பா பெரும்பாலும் சீட்டாடிக்கொண்டிருப்பார். படுக்கைக்குப் பக்கத்து மேசையில் வை என்பாராம். 1919-ல் அப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் காஃப்காவே இதைச் சொல்கிறார். சொல்லிவிட்டு ஒரு விசித்திரமான விஷயத்தையும் சேர்க்கிறார். அந்தப் பதில் புண்படுத்தியது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி, ஏனென்றால் "இப்போது நீ சுதந்திரமானவன்" என்று சொன்னதுபோல் அது கேட்டதாம். உடனே அதுவும் பொய், என் எழுத்தெல்லாம் உங்களைப் பற்றியதுதானே என்றும் எழுதுகிறார். அந்தக் கடிதமும் அப்பா கைக்குப் போகவில்லை. அம்மாவிடம் கொடுத்து அனுப்பினார், அவர் கொடுக்காமல் திருப்பித் தந்துவிட்டார்.

அந்த நிம்மதி உங்களுக்கும் கிடைக்கும். தோழியிடம் ஒரு தடவை, "நீ படிக்காட்டியும் பரவாயில்லை, நான் கேட்க மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு உண்மையிலேயே கேட்காதீர்கள். அவளைப் பற்றியும் எழுதத் தோன்றும், அதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

எழுதுவதை விட வேண்டாம். குடும்பக் குழுவில் மொத்தமாக அனுப்புவதை மட்டும் நிறுத்துங்கள். யாரைப் பற்றியதோ அவருக்குத் தனியாக, வெளியிடுவதற்கு முன்னால், ஒரு கேள்வியோடு அனுப்புங்கள். "இதில் தப்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் போதும். மற்றவர்கள் தேடிவந்து படித்தால் படிக்கட்டும்.

முதலில் அக்காவுக்குப் போன் செய்யுங்கள். அந்த மதியம் மாடியில் என்னவெல்லாம் இருந்தது, எவ்வளவு நேரம், யார் கதவைத் திறந்தார்கள் என்று கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள், அவள் சம்மதித்தால் மட்டும்.