வியாழனில் இறங்க முடியுமா? கேள்வி பதில்

கேள்வி: வியாழனை வாயுக் கோள் என்கிறார்களே, ராக்கெட்டை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்துவிடலாமா?

முடியாது. பெயரில்தான் வாயு, உள்ளே போகப் போக அது வாயுவாகவே இருப்பதில்லை. வியாழனில் பெரும்பங்கு ஹைட்ரஜன், அடுத்தது ஹீலியம். ஆழம் கூடக் கூட, மேலே உள்ளதன் எடை அழுத்தி ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத் தன்மைக்கு மாறுகிறது. இதுவரை வாயு, இதற்குக் கீழே திரவம் என்று கோடு கிழிக்க முடியாது. இன்னும் கீழே, நம் காற்றழுத்தத்தைப் போல் பத்து லட்சம் மடங்கையும் தாண்டிய அழுத்தத்தில், அதே ஹைட்ரஜன் உலோகம் மாதிரி மின்சாரம் கடத்தும். அந்தக் கோளின் பிரம்மாண்டமான காந்தப்புலத்துக்கு மூலம் அதுதான்.

உள்ளே போய்ப் பார்த்த கருவி ஒன்று உண்டு. கலிலியோ விண்கலம் அனுப்பிய ஆய்வுக்கருவி 1995 டிசம்பர் 7 அன்று நொடிக்குச் சுமார் 47 கி.மீ. வேகத்தில் பாய்ந்து, பாராசூட் விரித்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் தகவல் அனுப்பியது. அழுத்தம் நம் கடல்மட்டத்தைப் போல் 20 மடங்கைத் தாண்டி, வெப்பமும் 150 டிகிரி செல்சியஸை எட்டியபோது சிக்னல் நின்றுபோனது. இத்தனைக்கும் அது இறங்கியது சுமார் 150 கி.மீ. ஆழம்தான். மையம் வரை போக 70,000 கி.மீ. இருக்கிறது!

கேள்வி: அப்போ நடுவில் பாறை இருக்கிறதா?

கெட்டியான பாறை உருண்டை என்றுதான் முன்பு பலர் எண்ணினார்கள். 2016 முதல் வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலம் ஈர்ப்புவிசையை அளந்தது. கனமான பொருட்கள் ஹைட்ரஜனோடு கலந்து, வெகுதூரம் பரவிக் கிடப்பதாகவே அந்த அளவுகள் காட்டுகின்றன. எனக்கு வியாழனைப் பற்றி மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

கேள்வி: எவ்வளவு பெரியது?

விட்டத்தில் 11 பூமி, நிறையில் 318 பூமி. மற்ற ஏழு கோள்களையும் கூட்டினாலும் இதில் பாதிகூட வராது.

கேள்வி: ஒரு நாள் எவ்வளவு நேரம்?

பத்து மணி நேரத்துக்கும் குறைவு. இவ்வளவு பெரிய உடம்போடு அந்த வேகத்தில் சுழல்வதால் நடுப்பகுதி பிதுங்கி நிற்கிறது. துருவ விட்டத்தைவிட நடுவிட்டம் 9,000 கி.மீ. அதிகம். டெலஸ்கோப்பில் பார்த்தால் சப்பை உருவம் நன்றாகவே தெரியும்.

கேள்வி: குருப்பெயர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. குரு என்பது இதே வியாழன்தான். சூரியனை ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டுகள், ராசிகள் 12. அதனால்தான் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய ஓராண்டு. பலன்கள் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெறும் கண்ணால் இந்தக் கணக்கைப் பிடித்தார்களே, அது பெரிய விஷயம்.

கேள்வி: வீட்டிலிருந்தே பார்க்க என்ன வேண்டும்?

சாதாரண பைனாகுலர் போதும். கை ஆடாமல் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். கோளை ஒட்டி ஒரே வரிசையில் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்ற நான்கு நிலாக்கள் அவை. சில சமயம் ஒன்றிரண்டு கோளுக்கு முன்னாலோ பின்னாலோ மறைந்திருக்கும். அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். எனவே மறுநாளும் பாருங்கள், புள்ளிகள் இடம் மாறியிருக்கும்.