வாடல் வந்த செடியின் வேரைக் கழுவிய தண்ணீரை ஒரு மாதம் மூடி வைத்தால் கிருமி செத்துவிடுமா?

நம்பிச் செடிக்கு ஊற்றாதீர்கள். லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்ட கத்திரியும் தக்காளியும் இலை பச்சையாக இருக்கும்போதே தொங்கிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். ரால்ஸ்டோனியா சொலனேசியரம் என்ற பாக்டீரியாவாகத்தான் இருக்கும். சந்தேகம் என்றால் தண்டை அடியில் வெட்டி, கிளாஸில் உள்ள தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை நனையும்படி பிடியுங்கள். சில நிமிஷத்தில் பால் நிறத்தில் நூல் நூலாக இறங்கினால் அதேதான்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். பிறகு பயிர் நோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் வேலை. இந்தக் கிருமியை அங்கே எதில் பத்திரப்படுத்துவோம் தெரியுமா? வெறும் தண்ணீரில்! கிருமி நீக்கிய வாலைவடிநீர்க் குப்பியில் போட்டு, அலமாரியில் வைத்துவிடுவோம். சாப்பாடு கிடையாது, ஃபிரிட்ஜ் கிடையாது. வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும், செடியை வாட்டும் வீரியமும் குறையாது. சத்துள்ள ஊடகத்தில் (கிருமி வளர்க்கத் தீனி கலந்த கூழ்) திரும்பத் திரும்ப வளர்த்தால்தான் கொழகொழப்பும் வீரியமும் போய்ச் சாதுவாகிவிடும். வீரியமுள்ளதையும் இழந்ததையும் நிறத்தை வைத்துப் பிரித்தறிய பயிர் நோய் விஞ்ஞானி ஆர்தர் கெல்மன் 1954இல் சொன்ன ஊடகம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பட்டினியைத் தாங்கும் இதற்குக் குளிர்தான் ஆகாது. 4 டிகிரியில் எண்ணிக்கை சரியும். மிஞ்சியவற்றில் சில, உயிர் இருந்தும் ஊடகத்தில் வளராமல் முடங்கிக் கிடக்கும். நம் ஊரில் டிரம் தண்ணீர் அவ்வளவு குளிரவா போகிறது?

குட்டைத் தண்ணீரில் சீக்கிரம் குறையும். அங்கே பாக்டீரியாவைத் தின்னும் ஒருசெல் உயிரிகளும், அதைத் தாக்கும் வைரஸ்களும் உண்டு. அதற்காக அழுக்குத் தண்ணீர் பத்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பாவில் இந்தக் கிருமி ஆற்றோரக் களைச்செடியின் வேரில் தங்கி, பாசனத் தண்ணீரோடு உருளைக்கிழங்கு வயலுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

மூடாமல் வெயிலில் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஏடிஸ் கொசு வரும், பின்னாலேயே சுகாதார இலாகாக்காரர் அபராதத்தோடு வருவார். மண் அடியில் படிந்ததும் தெளிந்த தண்ணீரில் பிளீச் கலந்து ஒரு நாள் விடுங்கள். கலங்கலில் போட்டால் பிளீச் வீண். பிறகு கத்திரி, தக்காளி, மிளகாய், இஞ்சி, வாழை இல்லாத மேட்டில் கொட்டுங்கள், கால்வாய்க்குப் போகக்கூடாது. அடியில் தங்கிய சேற்றையும் அங்கேயே புதையுங்கள். வெட்டிய கத்தியையும் பிளீச் தண்ணீரில் முக்கி எடுங்கள்.

அதே இடத்தில் தக்காளிதான் வேண்டுமென்றால், சுண்டைச் செடியின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டிய கன்று கிடைக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் தாங்கும். வாடிய செடியில் நல்ல காய் இருந்தால் சமைக்கலாம், மனிதருக்கு இந்த நோய் வராது.