இருநூறு கேட்டவருக்கு ஒரு பதில்

போன இதழில் யாரோ சீட்டாட்டம் பற்றிக் கேட்டதற்கு, முந்நூற்றி நாலு (304) என்ற ஆட்டம் தெரியாத ஆளை வன்னியில் செத்த வீட்டுக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள் என்று பகிடியாக ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. வெங்காய விலை, விவாகப் பொருத்தம் எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த முறை பக்கம் முழுக்கச் சீட்டுத்தான், பிடிக்காதவர்கள் தாராளமாக அடுத்த பக்கம் போகலாம். புதிதாக வருபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் சொல்வது கேள்வி, கேட்டவர் கவிழ்த்து வைக்கும் சீட்டின் இனம் மற்ற இனங்களை வெட்டும் துரும்பு, நாலு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போடும் சுற்று ஒரு பிடி, வெற்றி தோல்விக்குக் கைமாறுவது கல். கலாவரை என்றால் கிளப்ஸ், ஆடுதன் ஹார்ட்ஸ், ஸ்கோப்பன் ஸ்பேட்ஸ், உருவித்தன் டைமன்ட். எந்தச் சீட்டுக்கு எத்தனை புள்ளி என்பது இரண்டாவது பதிலில்.

கேள்வி: அண்ணை, நாங்கள் நாலு பேர் பதினெட்டு வருடமாக ஞாயிறு பின்னேரத்தில் என் வீட்டு விறாந்தையில் விளையாடுகிறோம். நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் தமையன், ஒரு சோடி. போன கிழமை முதல் நாலு சீட்டில் எனக்குக் கலாவரையில் ஜாக்கி, ஆஸ், ஏழு, ஆடுதனில் ஜாக்கி. எதிர்ப்பக்கம் 190 கேட்டார்கள், நான் 200 கேட்டுக் கலாவரை ஏழைத் துரும்பாகக் கவிழ்த்து வைத்தேன். முதல் இறக்கம் எனக்கு. ஆடுதன் ஜாக்கியைப் போட்டேன். மச்சானிடம் ஆடுதன் இல்லை, ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். எடுத்துப் பார்த்தால் கலாவரை ஒன்பது! முதல் பிடியிலேயே துரும்பைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம் ஐந்தாம் பிடியில் அவர்கள் ஸ்கோப்பன் ஜாக்கியை இறக்க, பெரிய சீட்டைக் கையில் வைத்து என்ன செய்வது என்று நான் ராஜாவைக் கொடுத்தேன், அவர்களின் மற்ற ஆள் ஒன்பதைப் போட்டார். ஏழாம் பிடியை மச்சான் ஸ்கோப்பன் ஆசால் எடுத்தார், நான் ஏழைப் போட்டேன். கடைசியில் எண்ணினால் 198. மூன்று கல் போய்விட்டது. "உனக்குக் கண் பொட்டையோ" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். அதோடு எழும்பிப் போனவர்தான், ஆளையும் காணோம், போனையும் எடுக்கிறார் இல்லை. மனைவி இரண்டு நாளாக ஆறிய சோறுதான் போடுகிறா. பிழை யாருடையது? (மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்களுடையது. கோபிக்காமல் கேளுங்கள், உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு விறாந்தையில் சீட்டைப் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மச்சானுக்குத் துரும்பு எது என்று எப்படித் தெரியும்? கவிழ்த்து வைத்தது நீங்கள், அது கலாவரை என்பது உலகத்தில் உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவர் கண்டது ஒன்றுதான்: தன் சோடி ஆடுதன் ஜாக்கியை இறக்கியிருக்கிறார், அதை அந்த இனத்தில் வெல்ல இனிச் சீட்டு இல்லை. தன் கையிலோ ஆடுதன் இல்லை. இப்படி வந்தால் நல்ல ஆட்டக்காரன் என்ன செய்வான்? சோடிக்கு வரப்போகும் பிடியில் கையிலுள்ள கொழுத்த சீட்டைப் போட்டு நிரப்புவான். இருபது புள்ளி ஒன்பதைத் தூக்கிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அவருக்குப் பிறகு போட இன்னும் ஒரு ஆள் இருந்தாரே, அவர் வெட்டியிருந்தால் என்று கேட்பீர்கள். ஆடுதனில் இருப்பது எட்டுச் சீட்டு. மச்சானிடம் ஒன்றும் இல்லை, உங்களிடம் இரண்டு மூன்று என்றே வைத்தாலும் மிச்சம் ஐந்தாறு எதிராளிகள் இரண்டு பேரிடமும்தான். கடைசி ஆளிடம் ஆடுதன் அறவே இல்லாமல் போவது அபூர்வம், அதை நம்பித்தான் அவர் போட்டிருக்கிறார், அந்த நம்பிக்கை பிழைக்கவும் இல்லை. உங்கள் ஜாக்கி முப்பது, அவர் ஒன்பது இருபது, ஒரே பிடியில் ஐம்பது. கேட்ட இருநூறில் கால்வாசி அந்த ஒரு பிடியில் வந்துவிட்டது! அதைச் செய்த ஆளைப் பார்த்தா கண் பொட்டை என்றீர்கள்?

துரும்பு வேளைக்கே திறந்ததால் நட்டம் என்று நினைக்கிறீர்கள். கொஞ்ச நட்டம் உண்டுதான், மூடின துரும்பு கையில் இருக்கும்வரை எதிராளிக்கு வயிறு கலங்கிக்கொண்டே இருக்கும், அந்தச் சுகம் போய்விட்டது. ஆனால் ஒன்பது போனதும் துரும்பில் முதலாவதும் இரண்டாவதும், ஜாக்கியும் ஆசும், உங்கள் கையிலேயே அல்லவா இருந்தன.

இனி அந்த ராஜாவுக்கு வருவோம். ஐந்தாம் பிடி எதிராளியின் ஸ்கோப்பன் ஜாக்கி. அது அவர்களுக்குத்தான் போகும் என்பது போடும்போதே தெரியும். உங்கள் கையில் ஸ்கோப்பன் ராஜாவும் ஏழும். ராஜாவுக்கு மூன்று புள்ளி, ஏழுக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் மூன்றை அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஏழாம் பிடியில் மச்சானின் ஆசுக்குக் கீழே வெறும் ஏழைப் போட்டிருக்கிறீர்கள். மாற்றிப் போட்டிருந்தால் 198-உம் 3-உம் 201. கேள்வி வென்று இரண்டு கல் வாங்கியிருப்பீர்கள், ஆறிய சோறும் வந்திராது.

அதற்கும் முன்னால் இன்னொன்று. முதல் நாலு சீட்டில் உங்களிடம் இருந்தது 30, 11, 0, 30, மொத்தம் 71. அந்தக் கைக்கு 160 கேட்கலாம், மனம் பொறுக்காவிட்டால் 170. எதிர்ப்பக்கம் 190 என்றதும் உங்களுக்கு வீறாப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கும் வரும். 200-க்குக் கீழே கேட்டுத் தோற்றால் இரண்டு கல், 200 என்று வாய் திறந்தால் மூன்று கல், வெல்லும்போது கிடைப்பதைவிடத் தோற்கும்போது போவது எப்போதும் ஒன்று கூட. 190-ஐ அவர்களுக்கே விட்டுவிட்டு, அவர்களை விழுத்தப் பார்த்திருக்க வேண்டிய கை அது. இரண்டு ஜாக்கி வைத்திருக்கும் ஆளுக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

மச்சான் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பித்தால் அவருக்கும் கூச்சம் உங்களுக்கும் கூச்சம். சீட்டுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு போய், வாசலில் நின்று, "ராஜாவை நான்தான் பிழையாகப் போட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். தேத்தண்ணி வரும்.

கேள்வி: உலகத்தில் எந்த விளையாட்டிலும் ஆஸ்தான் பெரிது. இதில் மட்டும் ஜாக்கியும் ஒன்பதும் ஏன் தலைக்குமேல் ஏறி நிற்கின்றன? அதென்ன 304 என்று ஒரு கணக்கு? (பரந்தனிலிருந்து ஒரு மாணவி)

பதில்: கணக்கு லேசு. ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டும் ஏழும் பூச்சியம். ஒரு இனத்தில் 76, நாலு இனத்துக்கும் 304. அதில் பாதி 152, அதனால்தான் குறைந்த கேள்வி 160-இல் தொடங்குகிறது, பாதிக்குமேல் எடுப்பேன் என்று நெஞ்சை நிமிர்த்தாத கேள்வி கேள்வியே இல்லை.

ஜாக்கியும் ஒன்பதும் மேலே நிற்பது ஐரோப்பாவில் யாஸ் என்று சொல்லும் சீட்டாட்டக் குடும்பத்தின் வழக்கம். ஒல்லாந்தில் இன்றும் கிளாவர்யாஸ் என்று ஒன்று ஆடுகிறார்கள், நாலு பேர், 32 சீட்டு, எதிரெதிரே சோடி. அங்கே துரும்பு இனத்தில் மட்டும் ஜாக்கியும் ஒன்பதும் ஆஸை வெல்லும், நம்மிடம் நாலு இனத்திலும் வெல்லும். ஒல்லாந்தர் 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1795-இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போனவர்கள். போகும்போது சீட்டின் பெயர்களை விட்டுவிட்டுப் போனார்கள்: அவர்களின் ஹார்ட்டன் நம் ஆடுதன், ருய்ட்டன் நம் உருவித்தன், கிளாவர் நம் கலாவரை, ஸ்கோப்பன் ஸ்கோப்பன்தான். இனி அப்பு "கலாவரை இறக்கடா" என்று கத்தினால் அது அரைவாசி ஒல்லாந்து மொழி என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் நல்ல துரும்பு வந்தால் இருமுவார், ஸ்கோப்பன் வேண்டுமென்றால் காதைத் தடவுவார். கேட்டால் தடிமன் என்கிறார். என்ன செய்யலாம்? (வட்டக்கச்சியிலிருந்து ஒருவர்)

பதில்: இதைப் பற்றி எனக்கு ஒரு பழைய கதை உண்டு. தொண்ணூறுகளில், மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் தடைப்பட்ட சாமான், போத்தல் கணக்கில் பொன் விலை. மார்கழி தை மாதத்தில் காலபோக நெல் கதிர் தள்ளி நிற்கும்போது பன்றிக் காவலுக்கு வயல் கொட்டிலில் நாலு பேர் படுப்போம், படுப்போம் என்று சொல்கிறேனே தவிர யார் படுத்தது, விடிய விடியச் சீட்டு. வெளிச்சம் ஒரு ஜாம் போத்தல் விளக்கு. அடியில் விரற்கடை எண்ணெய், பஞ்சில் பயறளவு சுடர். அந்த வெளிச்சத்தில் சீட்டின் சிவப்பும் கறுப்புமே மட்டுமட்டாகத்தான் தெரியும், முகம் தெரியாது, ஆகவே கள்ளச் சைகை எல்லாம் சத்தத்தில்தான். என் எதிராளி ஒருவர் தொண்டையைச் செருமினால் துரும்பு ஜாக்கி, நுளம்பு அடித்தால் ஒன்பது. நாங்கள் இதைக் கண்டுபிடிக்க மூன்று இரவு பிடித்தது. நாலாம் இரவு நான் ஒன்றும் இல்லாத கையை வைத்துக்கொண்டு செருமினேன், என் சோடி சும்மா காலில் பளாரென்று அடித்தான், எதிர்ப்பக்கம் பயந்துபோய் நல்ல கையை வைத்துக்கொண்டு கேள்வியே கேட்காமல் விட்டுவிட்டது. அதோடு அவருக்கு நுளம்புக் கடியும் நின்றது.

நீங்களும் செய்யலாம், நாலு பேரும் சேர்ந்து இருமத் தொடங்குங்கள். ஒரு சண்டையும் இல்லாமல் தடிமன் மாறிவிடும். ஆனால் உண்மையாகவே சோடியோடு பேச வேண்டுமென்றால் சீட்டால் பேசலாம், அது கள்ளமே இல்லை: தன் பிடி அல்லாததில் ஒருவர் எந்த இனத்தைக் கழிக்கிறார், எதை இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தால் நாலாம் பிடிக்குள் அவர் கையில் பாதி உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: வேலை இடத்தில் சிங்கள நண்பர்கள் மூன்று பேர். அவர்களுக்கு ஓமி என்ற சீட்டாட்டம் நன்றாகத் தெரியும். 304 பழக்கலாமா? (வவுனியாவிலிருந்து ஒருவர்)

பதில்: அரை மணித்தியாலம் போதும். அதே 32 சீட்டு, ஆளுக்கு எட்டு, எதிரே இருப்பவர் சோடி, முதல் நாலு சீட்டைப் பார்த்துத் துரும்பு சொல்வதும் அவர்களுக்குப் பழக்கம். ஓமியில் பிடியை எண்ணுவார்கள், இங்கே பிடிக்குள் இருக்கும் புள்ளியை. அதுதான் முதலில் குழப்பும், ஐந்து பிடி எடுத்துவிட்டோமே என்று சிரிப்பார்கள், உள்ளே பார்த்தால் ஏழும் எட்டும் ராணியும். முதல் இரண்டு நாள் துரும்பைத் திறந்து வைத்தே ஆடுங்கள். புள்ளி வரிசை வாயில் வந்தபிறகு மூடுங்கள்.

கேள்வி: அவர் காசு வைத்து விளையாடுவதில்லை என்கிறார், ஆனால் சட்டைப் பையில் ஏதோ கிலுங்குகிறது. நம்பலாமா? (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: தங்கச்சி, கையை விட்டுப் பாருங்கள். புளியங்கொட்டையாக இருந்தால் விட்டுவிடுங்கள். பக்கத்துக்குப் பதினொரு கல் வைத்து ஆடுவதுதான் முறை, கல்லுக்குப் பதில் சிலர் புளியங்கொட்டை, சிலர் சோடா மூடி, சிலர் ஆட்டத்தில் சேராத சின்னச் சீட்டுகள். சோடா மூடியாக இருந்தால் எத்தனை சோடா குடித்தார் என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: மகன் கனடாவில் பிறந்தவன், போனில் இந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டு வந்து எனக்கே பிழை பிடிக்கிறான். சீட்டு எந்தப் பக்கமாகப் பிரிப்பது? (டொரன்டோவிலிருந்து, ஊர் புதுக்குடியிருப்பு)

பதில்: வலப்பக்கம். பிரிப்பதும் வலம், ஆடுவதும் வலம். மகன் இடம் என்றால் பிழை, மகனும் வலம் என்றால் பிழை பிடிக்கப்பட்டது நீங்கள்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் எப்போதாவது எட்டுப் பிடியும் எடுத்துக் கம்மாறிஸ் அடித்திருக்கிறீர்களா? (மாங்குளம்)

பதில்: ஒருமுறை. சாட்சி மூன்று பேர். அதில் இரண்டு பேர் எதிர்ப்பக்கம், நடக்கவே இல்லை என்பார்கள். மூன்றாவது ஆள் என் சோடி, நடந்தது உண்மை, ஆனால் அடித்தது தான் என்பார்.