ஸ்லைடர் கேட்கும் முதலாளி

வணக்கம் அண்ணா,

ஈரோட்டில் தனியாக வெப் டிசைன் செய்கிறேன். ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்குத் தளம் செய்து முடித்துவிட்டேன், இன்னும் என் சர்வரில்தான் இருக்கிறது. நிறைய வெள்ளை இடம் விட்டு, மெல்லிய சாம்பல் எழுத்தில் எளிமையாகச் செய்திருந்தேன். அவரோ முகப்பில் 5 படம் ஓடுகிற ஸ்லைடர் வேண்டும், லோகோ பெரிதாக வேண்டும், 'இன்னும் கிராண்டா' வேண்டும் என்கிறார். 'சின்ன மாத்தம்தான் தம்பி' என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. பாதிப் பணம் நிற்கிறது. டொமைன் (தளத்தின் முகவரி) என் பெயரில் இருக்கிறது, பணம் வரும்வரை அதைப் பிடித்து வைக்கலாமா? அவர் சொல்வதைச் செய்வதா, எனக்குத் தெரிந்ததைச் செய்வதா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

டொமைனை முதலில் முடித்துவிடுவோம். அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். அது அவருடைய கடைப் பெயர், உங்கள் பெயரில் பதிவானதே சரியில்லை. விசிட்டிங் கார்டிலும் கட்டைப்பையிலும் அச்சடித்த முகவரியைப் பிடித்து வைத்தீர்கள் என்றால், ஜவுளிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள், அப்புறம் அந்தப் பக்கம் வேலையே வராது. நிறுத்தி வைக்க உங்களிடம் உங்கள் வேலை இருக்கிறது. கடைசித் தவணை வந்த பிறகு தளத்தை அவர் டொமைனில் ஏற்றுங்கள்.

இனி ஸ்லைடர். 2013-ல் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத் தளத்தில் எரிக் ரன்யன் என்பவர் இதை எண்ணிப் பார்த்தார். வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் ஓடுகிற படங்களில் எதையாவது அழுத்தினார்கள், அதிலும் பெரும்பாலானவர்கள் முதல் படத்தை. ஆனால் இதைக் கொண்டுபோய் முதலாளியிடம் சொல்லாதீர்கள், 'அமெரிக்காக்காரனுக்கு என்ன தெரியும் நம்ம யாவாரம்' என்பார், பேச்சு அத்தோடு முடிந்தது. அவருக்கு வேண்டியது ஸ்லைடர் இல்லை. லுங்கி, துண்டு, பெட்ஷீட், நைட்டி, வேட்டி ஐந்தும் முன்னால் தெரிய வேண்டும், ஒன்று கூட விட்டுப்போகக் கூடாது. ஐந்தையும் அசையாத கட்டங்களாக ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்.

அதற்கும் முன்னால் ஒரு அரைநாள் அவர் கடையில் உட்கார்ந்து போனில் ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேளுங்கள். டிசைனுக்கு இதைவிட நல்ல அடிப்படை எனக்குத் தெரியாது. குறைந்தது எத்தனை பீஸ் எடுக்க வேண்டும், ஜி.எஸ்.டி. பில் உண்டா, எந்த லாரி சர்வீஸில் போடுவீர்கள், செவ்வாய்ச் சந்தைக்கு வந்தால் நேரில் பார்க்கலாமா. கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் சரக்கு எடுக்க வருகிறவருக்கு வேண்டியது இதுதான், முகப்பில் இருக்க வேண்டியதும் இதுதான். நம்மில் பலர் இந்த விவரங்களை வாங்காமலே, ஏதோ ஆங்கில வாக்கியத்தை நிரப்பி வைத்துக்கொண்டு டிசைன் போட்டுவிட்டு, அப்புறம் மேட்டர் அனுப்புங்கள் சார் என்று மாதக்கணக்கில் கெஞ்சுகிறோம். மேட்டர் வராமல் நான் இப்போதெல்லாம் டிசைன் ஃபைலையே திறப்பதில்லை.

ஆனால் அந்தச் சாம்பல் எழுத்தில் அவர் பக்கம்தான் நியாயம். தளத்தை எல்லோரும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான வழிகாட்டி விதிகள் (WCAG), சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கின்றன. #999 என்ற நிறக் குறியீட்டுச் சாம்பல் வெள்ளைப் பின்னணியில் 3-ஐக்கூடத் தொடாது. மதியம் 12 மணிக்குக் கடை வாசலில் நின்று உங்கள் போனிலேயே அதைப் படித்துப் பாருங்கள். கூடவே வரி இடைவெளியையும் பாருங்கள்: ஆங்கிலத்துக்கு வைக்கிற, எழுத்தளவைப் போல 1.2 மடங்கு இடைவெளியை அப்படியே விட்டால் மேல்வரியின் 'கூ', 'ழு' வால்கள் கீழ்வரியின் 'கீ', 'றி' கொக்கிகளில் போய் முட்டும். தமிழுக்கு 1.6-க்குக் கீழே நான் இறங்குவதில்லை. 'கிராண்டா' என்று அவர் சொல்வதில் பாதி, எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்ற புகார்தான் என்று எனக்குப் படுகிறது.

சின்ன மாற்றம் நிற்க வேண்டுமானால் அதற்கு விலை இருக்க வேண்டும். அடுத்த வேலையிலிருந்து பாதி முன்பணம், டிசைன் ஒப்புதலில் கால், ஏற்றும்போது கால் என்று பிரியுங்கள். திருத்தம் இரண்டு சுற்று, அதற்கு மேல் இவ்வளவு என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். இந்த வேலைக்கு, இதுவரை வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் ஒரே தாளில் எழுதி, 'இதோடு முடிந்தது, இதன்பிறகு வருவது தனிக் கணக்கு' என்று நேரில் போய்க் காட்டிச் சரி வாங்குங்கள். போனில் வேண்டாம்.

லோகோவைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுங்கள். அதற்கெல்லாம் சண்டை போட முடியாது.