‘எத்தனை நாளைக்கு இந்த மெஷின்?’: டயாலிசிஸும் மனச்சோர்வும்

கேள்வி: என் கணவருக்கு வயது 48. நீரிழிவால் சிறுநீரகங்கள் செயலிழந்து, ஒன்றரை ஆண்டாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சில மாதங்களாக யாரிடமும் பேசுவதில்லை. சாப்பாடும் தூக்கமும் குறைந்துவிட்டன. ‘எத்தனை நாளைக்கு இந்த மெஷின்?’ என்கிறார். சென்ற வாரம் ஒரு நாள் டயாலிசிஸுக்கே வர மறுத்துவிட்டார். ‘இந்த நோய் வந்தால் யாருக்குத்தான் மனசு நன்றாக இருக்கும்’ என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இது நோயின் களைப்பா, மனச்சோர்வா? மனநல மாத்திரைகளை அவர் உடம்பு தாங்குமா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் உறவினர்கள் ஆறுதலாகச் சொல்லும் அந்த வாக்கியம்தான் பல நோயாளிகளைச் சிகிச்சைக்கு வரவிடாமல் தடுக்கிறது. நேரில் பேசி ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், டயாலிசிஸில் இருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பது தெரிகிறது. அதே ஊசி, அதே தண்ணீர்க் கட்டுப்பாடு, அதே செலவு ஆகியவற்றோடு வாழும் மற்ற நால்வருக்கு, வருத்தம் இருந்தாலும், அந்த நோய் இல்லை. ஆகவே இதை விதியென்று விட்டுவிட வேண்டியதில்லை. இது சிகிச்சைக்கு உரியது.

களைப்பையும் மனச்சோர்வையும் பிரித்தறிவது மருத்துவர்களுக்கே எளிதன்று. பசியின்மை, தூக்கமின்மை, அசதி ஆகிய மூன்றும் இரத்தத்தில் கழிவுகள் தேங்குவதாலும், ரத்தசோகையாலும், இரவில் வரும் அரிப்பாலும் கால் குடைச்சலாலும்கூட வரும். எனவே முதலில் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லி, ஹீமோகுளோபின், தைராய்டு, டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்பவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். உடலைவிட மனம் காட்டும் அடையாளங்களையே நான் அதிகம் நம்புவேன். டயாலிசிஸ் முடிந்த அன்றைய அசதி பெரும்பாலும் ஓய்வெடுத்து எழுந்தால் குறையும். ஆனால் டயாலிசிஸ் இல்லாத நாளிலும் பிடித்தவர்களின் வருகைகூட மகிழ்ச்சி தராமல், ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்ற எண்ணமும் நம்பிக்கையின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது அவர் டயாலிசிஸை மறுத்ததுதான். ஒரு முறை தவறினாலும் உடலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரலாம். பொட்டாசியம் கூடி இதயத்துடிப்பே தடுமாறலாம். வாரத்தில் இரண்டு நாள் இடைவெளி வரும் சமயத்தையொட்டித் தவறினால் ஆபத்து இன்னும் அதிகம். அதனால் அவரிடம் நேராகவே கேளுங்கள்: ‘உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க ஒரு வழி கிடைக்கும். ‘ஆம்’ என்றால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள், இன்சுலினையும் மாத்திரைகளையும் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். டயாலிசிஸை நிறுத்திக்கொள்ளும் முடிவைத் தெளிந்த மனத்தோடு எடுப்பவர்களும் உண்டு, அதற்கான உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் மனச்சோர்வு பேசுகிறதா, அவரே பேசுகிறாரா என்பதை அறியாமல் அந்த முடிவை ஏற்பது சரியாகாது.

மாத்திரைகளைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. லித்தியம் போன்றவை சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். சில மாத்திரைகள் இதயத்துடிப்பைப் பாதிக்கக்கூடும். ஆனால் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை முக்கியமாகக் கல்லீரலில் சிதைவதால், குறைந்த அளவில் தொடங்கி டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் கொடுக்கிறோம். குமட்டலும், அரிதாக இரத்தக்கசிவும் வரலாம். பேச்சுவழிச் சிகிச்சையும் பயன் தரும். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டயாலிசிஸ் நடக்கும்போதே நாற்காலியருகில் அமர்ந்து சிலருக்கு அச்சிகிச்சை அளித்தார்கள், மற்றவர்களுக்குச் செர்ட்ராலின் கொடுத்தார்கள். 12 வாரங்களில் இரு தரப்பினருக்கும் மனச்சோர்வு குறைந்தது. மாத்திரையில் பலன் சற்றுக் கூடுதல், பக்கவிளைவும் கூடுதல். எனவே எதில் தொடங்குவது என்பதில் அவர் விருப்பத்துக்கும் இடம் கொடுங்கள்.

வீட்டில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். அன்பினால்தான் என்றாலும், ‘தண்ணீர் குடிக்காதே, உப்பு போடாதே’ என்று நாள் முழுதும் கேட்பவருக்குத் தம் உடலே தமக்குச் சொந்தமில்லை என்று தோன்றிவிடும். அன்றைக்குரிய தண்ணீரை அவரே அளந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளட்டும்; டயாலிசிஸ் இல்லாத நாள்களில் வீட்டுக் கணக்கோ பழைய தொழிலில் ஒரு சிறு பகுதியோ அவர் கைக்கு வரட்டும்.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போகும்போது டயாலிசிஸ் குறிப்பேடு, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அவற்றைப் பார்க்காமல் எந்த மருத்துவரும் அவருக்குப் பாதுகாப்பாக மருந்து எழுத முடியாது.