உள்ளே இருந்து குறை சொல்லும் குரலை விரட்டுவது எப்படி?

"எதைச் செய்தாலும் உள்ளே ஒரு குரல் குறை சொல்கிறது, இன்னொரு மனம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடச் சொல்கிறது. முதல் குரலை எப்படி விரட்டுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். விரட்ட வேண்டாம் என்பதே என் பதில். நான் பல ஆண்டுகள் விரட்டிப் பார்த்துத் தோற்றவன்.

அமெரிக்கக் குடும்பநல சிகிச்சையாளர் ரிச்சர்ட் சுவார்ட்ஸ் 1980-களில் உருவாக்கிய முறை, மனத்தை ஒரு குடும்பமாகவே காண்கிறது. காயப்பட்ட பிள்ளை ஒன்று உள்ளே இருக்கும். அது வெளிப்படாதபடி முன்கூட்டியே காவல் காக்கும் நிர்வாகி ஒருவர். மீறி வலி கிளம்பினால் தின்றோ, குடித்தோ, கைப்பேசியில் மூழ்கியோ அதை அணைக்க ஓடிவரும் தீயணைப்பாளர் ஒருவர். உங்களைக் குறை சொல்பவர் அந்த நிர்வாகி; ஓடச் சொல்பவர் தீயணைப்பாளர். காரைக்குடிக்காரனான எனக்கு இது எளிதில் விளங்கியது. எங்கள் வீட்டில் திருமணமான மகன்களை வேறு வைத்துவிடுவார்கள். அறையும் அடுப்பும் தனித்தனி, வளவு என்னும் நடுமுற்றம் மட்டும் பொது. சண்டை வந்தாலும் ஒருவரையும் தெருவுக்கு அனுப்ப முடியாது.

என்னுள் திட்டுபவர் ஒரு கணக்குப்பிள்ளை. பத்து வயதில் கடைக்குப் போய் வந்தபோது மீதியில் ஒன்றரை ரூபாய் இடித்தது. வீட்டு முகப்பில் பங்காளிகள் உட்கார்ந்திருக்க, "மீதியை எண்ணி வாங்கத் தெரியாதவன் என்ன பிழைக்கப் போகிறான்?" என்று அப்பச்சி, அதாவது என் அப்பா, கேட்டார்கள். மறுநாள் மஞ்சள் பையின் மடிப்பிலேயே அந்த நாணயங்கள் கிடைத்தன; நான் யாரிடமும் சொல்லவில்லை.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் மதுரையில் ஓர் ஆலோசகர், அந்தக் கணக்குப்பிள்ளையோடு வாதாடாமல், "நீங்கள் திட்டுவதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்கள்?" என்று கேட்கச் சொன்னார். முதலில் எனக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத்தான் பட்டது. ஆனால் வந்த பதில், "மறுபடியும் இவனை முகப்பில் நிறுத்திவிடுவார்கள்" என்பது. அத்தனை ஆண்டுகளாக எதிரி என்று நினைத்தவர், அந்தப் பையனுக்குக் காவல் நின்றிருக்கிறார்.

இம்முறைக்கான ஆய்வுச் சான்றுகள் இன்னும் குறைவு. பழைய காயம் பெரிதென்றால் தனியாகத் தோண்டாதீர்கள். காதில் உண்மையாகவே குரல் கேட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நாணயம் பைக்குள்தான் இருந்தது என்று கணக்குப்பிள்ளையிடம் இப்போது சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் இன்னும் வருகிறார். வரவு செலவை ஐந்து முறை கூட்டச் சொன்னவர், இரண்டு முறையோடு விட்டுவிடுகிறார்.