நூலகத்துக்குக் கட்டடம் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கன்னிமரா நூலகத்தின் பழைய கட்டடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நன்றாக இருந்தது, ஆனால் படித்து முடித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. நான் சேலம் அம்மாப்பேட்டை. அப்பா தறி ஓட்டுகிறார். குரூப் 4, குரூப் 2 தேர்வுகளுக்காகச் சில வருடங்களாக ஒரு கிளை நூலகத்தில் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருக்கிறேன். வாடகைக் கட்டடம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஜன்னல்களை மறைத்து ரேக் போட்டிருக்கிறார்கள், அதனால் பகலிலும் டியூப் லைட் எரிய வேண்டும். கரண்ட் போனால் எல்லோரும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவோம். சித்திரை, வைகாசியில் மதியம் உள்ளே உட்காரவே முடியாது. இருந்தாலும் எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

வெள்ளைக்காரர்கள் தங்கள் பெருமைக்காகக் கட்டிய வண்ணக் கண்ணாடியும் தேக்கு வேலைப்பாடும் எங்களைப் போல் படிக்கிறவர்களுக்கு என்ன பிரயோஜனம்? புத்தகம் இருந்தால் போதாதா? பாதிப் பாடம் இப்போது போனிலேயே கிடைக்கிறது. அந்தப் பழைய கட்டடங்களில் எங்களுக்கு எடுத்துக்கொள்ள உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, ஏற்காட்டுக்குப் போகிறோம். எஸ்டேட் காலத்து நூலகம் எதையாவது பார்க்கலாமா?

ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விக்கு என் பதில், நிறைய இருக்கிறது. ஆனால் நான் சொல்லப்போவது வண்ணக் கண்ணாடியைப் பற்றி அல்ல. ஜன்னலை மறைத்து ரேக் போட்டிருக்கிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு விஷயத்தோடு நூலகம் கட்டியவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒரு பழைய நூலகக் கட்டடத்துக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது இரண்டைத்தான்: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, படிக்க வந்தவருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் என்ன நிற்கிறது. தூண், கோபுரம், படிக்கட்டு எல்லாம் அப்புறம்தான்.

இத்தாலியில் செசேனா என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1454இல் திறந்த மலதெஸ்தா நூலகம் இன்றும் அப்படியே இருக்கிறது. வாசலுக்கு மேலே ஒரு யானையைச் செதுக்கியிருக்கிறார்கள், இந்திய யானை கொசுவுக்குப் பயப்படாது என்ற வாசகத்தோடு. அது அந்த ஊரை ஆண்ட மலதெஸ்தா குடும்பத்தின் சின்னம். உள்ளே 58 சாய்வு மேசைகள், ஒவ்வொரு புத்தகமும் மேசையோடு சங்கிலியில் பிணைத்தது, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள், அந்த வெளிச்சம் நேராக மேசையில் விழும். புத்தகம் வாசகனிடம் வராது, வாசகன்தான் வெளிச்சம் இருக்கும் இடத்துக்குப் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டும். ஆனால் கதவுக்கு இரண்டு சாவிகள், ஒன்று துறவிகளிடம், மற்றொன்று ஊர் மன்றத்திடம். மடத்துக்குள் இருந்தாலும் அது ஊரின் சொத்து. ஐரோப்பாவின் முதல் பொது நூலகம் என்று அதைச் சொல்வது இதனால்தான். மின்சாரம் இல்லாத காலத்தில் எந்தப் பக்கம் ஜன்னல் வைப்பது என்பதுதான் முதல் வேலை என்று அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், தறிக்குழி வெட்டுவதற்கு முன்னால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காத நெசவாளி இருக்க மாட்டார்.

அடுத்துச் சொல்ல வேண்டியது பாரிஸின் சேன்ட் ஜெனவியேவ் நூலகம், 1851இல் திறந்தது. ஆன்ரி லாப்ரூஸ்த் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. எனக்கு மிகவும் பிடித்த நூலகம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அதுவரை பெரும்பாலான நூலகங்கள் தீக்குப் பயந்து பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிடும், அதாவது பகலெல்லாம் வேலை பார்க்கிறவனுக்கு அந்த நூலகம் இல்லாததுபோலத்தான். லாப்ரூஸ்த் கூரையை வார்ப்பிரும்பில் எழுப்பினார். நீளமான வாசிப்புக் கூடத்தின் நடுவே மெல்லிய இரும்புத் தூண்கள் மட்டும் ஒற்றை வரிசையாக ஓடும், அவற்றிலிருந்து இரும்பு வளைவுகள் கிளை விரித்துக் கூரையைத் தாங்கும். காஸ் விளக்கும் வைத்தார். பொழுது சாய்ந்த பிறகும் மாணவர்கள் உட்கார்ந்து படித்தார்கள். வெளிச்சுவரில் 810 ஆசிரியர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார். அந்தப் பெயர்கள் இருக்கும் உயரத்தில்தான் உள்பக்கம் புத்தகத் தட்டுகள், அந்தத் தட்டுகளுக்கு மேலேதான் பெரிய வளைவு ஜன்னல்கள் தொடங்கும். கீழே ரேக், மேலே ஜன்னல். ஒன்றை ஒன்று மறைக்காது. உங்கள் கிளை நூலகத்தில் நடக்காதது இதுதான்.

சரி, உங்கள் கோபத்தில் எனக்கும் உடன்பாடான பகுதிக்கு வருகிறேன். பொது நூலகம் என்று பெயர் வைத்ததெல்லாம் பொதுவாக இருக்கவில்லை. 1836இல் கல்கத்தா பொது நூலகம் ஆரம்பித்தபோது அதில் பங்குதாரர் ஆக 300 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பணம் என்று யோசித்துப் பாருங்கள். 1844இல் அது மெட்காஃப் மண்டபத்துக்கு மாறியது, வெளியே 36 அடி உயரத்தில் 30 கிரேக்கத் தூண்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே நுழைய யாருக்குத் துணிவு வந்திருக்கும்? மலைவாசஸ்தலங்களிலும் இதே கதைதான். நீங்கள் கேட்ட ஏற்காட்டுக் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்ததிலிருந்து சேர்வராயன் மலையில் எஸ்டேட் வாழ்க்கை வளர்ந்தது. தோட்டக்காரர்களின் புத்தகங்கள் பங்களாக்களுக்கு உள்ளேதான் இருந்திருக்கும், மலையில் வேலை பார்த்தவர்கள் அவற்றைத் தொட்டிருக்க வழியில்லை. மலைநகர நூலகக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஊட்டிக்குப் போக வேண்டும். நீலகிரி நூலகம் 1859இல் தொடங்கியது, சிசம் என்ற கட்டடக் கலைஞர் அதற்குக் கட்டடம் வரைந்தார். அழகான கட்டடம், ஆனால் இன்றும் உறுப்பினர்களுக்கு உரியது. ஏற்காட்டுக்குப் போனால் பழைய பங்களாக்களின் வராந்தாவையும் ஜன்னல்களின் உயரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவும் பாடம்தான்.

வரிப்பணத்தில் நூலகம் என்ற எண்ணம் இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அதில் ஒரு விசித்திரம். பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கும் ஊர்கள் நூலக வரி போடலாம், ஆனால் அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் ஊழியருக்கும்தான் செலவிடலாம், புத்தகம் வாங்கக் கூடாது! புத்தகம் யாராவது தானம் கொடுப்பார்கள் என்று நினைத்தார்கள். 1855இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். கட்டடம் வந்த பிறகும் வாசகனைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் விடவில்லை. நடுவே ஒரு நீளமான கவுண்டர், அதன் மேல் சின்னச் சின்ன எண் தகடுகள் வைத்த ஒரு பெரிய பலகை. தகடு நீலமாக இருந்தால் புத்தகம் உள்ளே இருக்கிறது, சிவப்பாக இருந்தால் யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். பலகையைப் பார்த்து எண்ணைச் சொன்னால் ஊழியர் உள்ளே போய் எடுத்து வருவார். புரட்டிப் பார்த்து எடுக்க முடியாது, தட்டில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது. 1894இல் லண்டனில் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்ற நூலகர்தான் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு வாசகர்களைத் தட்டுகளுக்கு நடுவே நடக்கவிட்டார். திருட்டுப் போகும், கலைத்துப்போடுவார்கள் என்று சக நூலகர்களே கடுமையாக எதிர்த்தார்கள். நீங்கள் இன்று எழுந்து போய் ரேக்கிலிருந்து புத்தகத்தைக் கையில் எடுக்கிறீர்களே, அது யாரோ போராடி வாங்கிக் கொடுத்தது.

இதற்கு ஏற்ற கட்டடத்தைச் சிக்கனமாக எப்படிக் கட்டுவது என்பதற்கு நல்ல விடை கார்னகி நூலகங்களில் கிடைத்தது. அமெரிக்க எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் உலகம் முழுக்க 2,500க்கு மேல் நூலகங்கள் எழும்பின. ஊர் இடம் தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் நடத்தும் செலவுக்கு ஒதுக்குவோம் என்று உறுதி தர வேண்டும். ஆரம்பத்தில் பணத்தை வாங்கிய ஊர்கள் கோபுரமும் தூண்களும் வைத்து வீணடித்தன. அதனால் அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம் 1911இல் ஒரு சிறு குறிப்பேடு அச்சிட்டு அனுப்பினார். எளிமையான செவ்வகக் கட்டடம், ஒரே ஒரு நூலகர் நடுவில் உட்கார்ந்தால் எல்லா மூலையும் தெரிய வேண்டும், பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் ஜன்னல் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் தொடங்க வேண்டும், கீழே இருக்கும் சுவரில் தட்டுகள். பாரிஸில் பெரிய செலவில் செய்ததைச் சின்ன ஊருக்கு ஏற்றபடி இறக்கிக் கொடுத்துவிட்டார். அந்தக் கட்டடங்களில் எனக்கு ஒரே குறை, பலவற்றில் முன்னால் உயரமான படிக்கட்டு. அறிவை நோக்கி ஏறுவது என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். முட்டி வலிக்கிற பெரியவர்களையும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் யாரும் நினைக்கவில்லை.

இப்போது கன்னிமரா. 1890இல் அடிக்கல், 1896 டிசம்பரில் திறப்பு, ஹென்றி இர்வின் வரைந்தது. எழும்பூரின் அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றை எழுப்பிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார், சுமந்ததும் செதுக்கியதும் நம் ஆட்கள். அதனால் வெள்ளைக்காரர்களின் கட்டடம் என்று முழுக்க விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. கூடத்தின் உயரம், மேலே வளைந்த கூரை, அதன் வழியாக இறங்கும் வெளிச்சம் எல்லாம் இன்றும் மனதை நிறைக்கிறது. ஆனால் உயரக் கூடத்துக்கு ஒரு விலை உண்டு. 1880களிலேயே அமெரிக்காவில் வில்லியம் பூல் என்ற நூலகர் இதைச் சொல்லிச் சண்டை போட்டார்: சூடான காற்று மேலே ஏறும், மாடியடுக்கில் வைத்த புத்தகங்களின் தோல் அட்டை கருகி உதிரும், புத்தகத்தை எடுக்க ஊழியர் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். குளிர் நாட்டிலேயே அப்படி என்றால் சேலம் வெயிலில் என்ன ஆகும்! அதனால் கன்னிமராவை அப்படியே அம்மாப்பேட்டையில் கட்டுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதன் வெளிச்சம் வேண்டும், உயரம் வேண்டாம்.

புத்தகம் இருந்தால் போதாதா என்று கேட்டீர்கள். நூலகத்துக்காகவே வாழ்ந்த ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, புத்தகம் பயன்பாட்டுக்கே. அந்த விதியை விளக்கும்போது அவர் புத்தகத்தோடு நிறுத்தவில்லை, நூலகம் ஊரில் எங்கே இருக்கிறது, எந்த நேரம் திறந்திருக்கிறது, மேசை நாற்காலி எப்படி, ஊழியர் எப்படி என்றெல்லாம் பேசுகிறார். நின்றால் கை எட்டாத உயரத்தில் தட்டு வைப்பதே தப்பு என்பது அவருடைய கட்சி. புத்தகம் நன்றாக இருந்து உட்கார முடியவில்லை என்றால் முதல் விதியே அங்கே நிறைவேறவில்லை. அவருடைய உழைப்பால்தான் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். இன்றும் நாம் கட்டும் சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து ரூபாய் நூலக வரியாகப் போகிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், வாடகைக்கு இருந்தால் வாடகையில் அது அடங்கியிருக்கிறது. ஆக அந்த நூலகத்துக்கு நீங்களும் உங்கள் அப்பாவும் பணம் கொடுக்கிறவர்கள். நல்ல ஜன்னல் கேட்பது உங்கள் உரிமை. ஊருக்கு ஊர் நூலகம் போனதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் கிடைத்த அறையில் எல்லாம் திறந்தோம், அந்த அறை படிக்க ஏற்றதா என்று கேட்பதை விட்டுவிட்டோம். இதுதான் எனக்கு உள்ளபடியே வருத்தம்.

போனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பாடம் போனில் கிடைக்கிறது, ஆனாலும் நீங்கள் தினமும் அந்த அறைக்குப் போகிறீர்கள். தறிச் சத்தம் இல்லாத ஒரு மேசையும், பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் இன்னொருவரும் போனுக்குள் வராது.

அதனால் ஒன்று செய்யுங்கள். உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கும், இல்லாவிட்டால் நூலகரிடம் சொல்லி ஆரம்பியுங்கள். எந்த ஜன்னலை எந்த ரேக் மறைக்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஜன்னல் இல்லாத சுவருக்கு எத்தனை ரேக் போகும், மீதியைச் சுவருக்குக் குறுக்காக, ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிறுத்த முடியுமா என்று அளந்து பாருங்கள், பெரும்பாலும் முடியும். மேசைகளை ஜன்னல் ஓரம் போடுங்கள், வெளிச்சம் இடது கைப்பக்கம் வந்தால் எழுதும்போது நிழல் விழாது. ஷீட்டுக்குக் கீழே ஒரு தட்டி அடித்து, மேலே சூடு வெளியேற இரண்டு பக்கமும் வெண்டிலேட்டர் வைக்கக் கட்டட உரிமையாளரிடம் கேளுங்கள். இவ்வளவையும் ஒரே மனுவாக, படத்தோடு, எல்லோரும் கையெழுத்துப் போட்டு மாவட்ட நூலக அலுவலரிடம் கொடுங்கள். படத்தை எனக்கும் அனுப்புங்கள், கட்டட வேலை தெரிந்த நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தேர்வுக்கு என் வாழ்த்துகள்.

அன்புடன்